மலை பெய்தது

மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை இறங்கிய மறுநாள்
மாயேபூரில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்தபோது
வகுப்புக் கூரையில் ஒரு தகட்டைக் காணோம்.
அதற்கு நேர் கீழே புத்தக அலமாரி.
எழுபத்திரண்டு கதைப் புத்தகங்கள்
டீயில் ஊறிய ரொட்டி போல உப்பிக் கிடந்தன.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து
குப்பை வண்டி வியாழக்கிழமை வரும் என்றார்.
நான் சீனன் கடைக்குப் போய்
துணிக் கவ்வி ஐந்து டஜன் வாங்கி வந்தேன்.

இரண்டாம் வகுப்பு. பத்தொன்பது பேர்.
வீட்டில் அவர்களுக்குக் கிரியோல்.
தமிழ் என் வகுப்புக் கதவுக்கு
இந்தப் பக்கம் மட்டும்தான்.
இடைவேளை முடிந்ததும் தினம் பத்து நிமிடம்:
பிடித்ததை எடு, எங்காவது உட்கார், நீயே வாசி.
கேள்வி கிடையாது. மதிப்பெண் கிடையாது.
யாரும் திருத்தக் கூடாது.
கடைசி விதி எனக்காகப் போட்டது.

சோதனைக்கு வந்த சூப்ராயென் ஐயா
பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார்:
'இந்தப் பத்து நிமிடத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?'
எனக்கும் தெரியவில்லை.

யோவென் எப்போதும்
இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை எடுப்பான்.
பக்கத்தில் கெஸினி தாள் திருப்பினால்
இவனும் திருப்புவான்.
விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள்
நான் பார்க்கிறேனா என்று பார்க்கும்.
படித்தாயா என்று நான் கேட்டதே இல்லை,
வாயால்.

சவுக்கு மரத்திலிருந்து கொடிமரம் வரை
கயிறு கட்டினோம்.
யானை, பேருந்து, பல்லில்லாத ராஜா
எல்லாரும் தலைகீழாகத் தொங்கினார்கள்.
யோவென் கையில்
செருப்பு வாங்கப் போன நண்டு.
ஐந்தாம் பக்கத்தில் கடைக்குள் நுழைகிறது.
எட்டாம் பக்கத்தில் வெறுங்காலோடு
சிரித்துக்கொண்டே வெளியே வருகிறது.
ஆறும் ஏழும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

'நடுவுல என்ன ஆச்சு மிஸ்?'

நாற்பது தடவையாவது வாசித்துக் காட்டிய கதை.
இவன் என்றைக்குத்தான் காது கொடுத்தான்?
'தெரியலையே' என்றேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
நான் சொன்ன உருப்படியான பொய்.

அடிக்கோலை நுழைத்து
முட்டிப் புண்ணின் பொருக்கை எடுப்பவன் போல
நாக்கைத் துருத்திக்கொண்டு பிரித்தான்.
ஒரு மூலை கிழிந்தது. மற்றது வந்தது.
தொங்கும் புத்தகங்களின் நிழலிலேயே உட்கார்ந்தான்.
காவடிக்கு அடித்த மொட்டையில்
முடி இப்போதுதான் முளைவிட்டிருந்தது.
விரல் வைத்து, உதடு அசைத்து:

நண்டு... க...டை...யில்... இருந்த...போது
ம...லை...
மலை பெய்தது.

மலையில்லை, மழை.
என் நாக்கு தானாகவே மேலே வளைந்து
அண்ணத்தைத் தொடப் போய்விட்டது.
வளைந்தபடியே நின்றது.
கவ்வியை இன்னும் அழுத்தித் திறந்தால்
உடைந்துவிடும், அப்படி.

அவனும் நின்றான். ஏதோ இடித்திருக்கிறது.
தலையைத் தூக்கினான்.
வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சிங்க மலை.
அதன் முதுகில் மிச்சப் புயல் ஒரு மேகமாக.
அதிலிருந்து சாம்பல் நூல் நூலாக
இறங்கிக்கொண்டிருந்தது.
மலையைப் பார்த்தான்.
பக்கத்தைப் பார்த்தான்.
சில்லறையை எண்ணிச் சரிபார்த்த கடைக்காரனாக
ஒரு தலையாட்டு.
திருப்பினான், ஏழு.

நாக்கை இறக்கிக்கொண்டேன்.
ழகரம் எங்கே ஓடிவிடப் போகிறது.

மணி அடித்தது. கெஸினி தால் பூரியைப் பிய்த்து நீட்டினாள்.
அவனுக்கு நீட்டியது தெரியவில்லை.
சிரிப்புச் சத்தம் மட்டும் ஒன்று கேட்டது,
நண்டுடையதா இவனுடையதா தெரியாது.

பிறகு மலை இங்கேயும் வந்து பெய்தது.
ஓடி ஓடிக் கயிற்றை உருவினோம்.
எண்ணினால் எழுபத்தொன்று.
வாசலில் யோவென், சட்டைக்குள் சதுரமாக வயிறு.
'இன்னும் காயல மிஸ்,
எங்க வீட்டுக் கயித்துல போடறேன்.'

போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
பத்து நிமிடத்துக்கென்று அன்றைக்கும் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
யோவென். ஒரு புத்தகம். ஈரம்.